ராத்திரியில் வீட்டு போன் மணியைத் தானாக அடக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்தியால்பேட்டையில் குடியிருந்துகொண்டு புதுச்சேரியிலும் கடலூரிலும் இன்டர்காம், இ.பி.ஏ.பி.எக்ஸ். (ஆபீசுக்குள் போன்களை இணைக்கிற பெட்டி), வீட்டு போன் ஒயரிங் வேலை பார்க்கிறவன் நான். எல்லார் கையிலும் செல்போன் வந்துவிட்ட பிறகும் லேண்ட்லைன் வைத்திருக்கிற வீடுகள் இங்கே இருக்கத்தான் செய்கின்றன. அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான் என்பார்கள். நெட்டோடு சேர்ந்து வந்தது என்பார்கள். பாரிஸில் இருக்கிற சித்தப்பா அதில்தான் கூப்பிடுவார் என்பார்கள். அந்த வீடுகளில் எல்லாம் ஒரே குறை, நடுராத்திரியில் அடிக்கிற மணி. கேட்டவர்கள் எப்படிக் கேட்டார்களோ அப்படியே கேள்விகளை எழுதியிருக்கிறேன்.

"அண்ணே, படுக்கறதுக்கு முன்னாடி ரிசீவரை எடுத்துக் கீழ வச்சிட்டா போதாதா?"

வேண்டாம். ரிசீவரை எடுத்து வைத்தால் நீங்கள் யாரோடோ பேசப் போவதாக எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொள்ளும். கூப்பிடுகிற எல்லாருக்கும் என்கேஜ்டு கேட்கும். ஆஸ்பத்திரி வாசலில் நின்று கூப்பிடுகிற தங்கைக்கும் அதே என்கேஜ்டுதான். காலையில் திருப்பி வைக்க மறந்தால் பகலும் போச்சு. "லைன் டெட்" என்று என்னைக் கூப்பிட்ட வீடுகள் சிலவற்றில் ரிசீவரைச் சரியாக வைத்துவிட்டு வந்ததுதான் நான் செய்த ஒரே வேலை.

"போன்லயே சத்தத்தை நிறுத்துற சுவிட்ச் இருக்காமே, எங்க இருக்கு?"

பக்கவாட்டிலோ அடியிலோ சின்னதாகத் தள்ளுகிற சுவிட்ச் இருக்கும். பெரும்பாலும் அதிகம், குறைவு, நிறுத்தம் என்று மூன்று நிலை. சில மலிவு போன்களில் நிறுத்தமே கிடையாது, குறைவு வரைக்கும்தான். தினமும் மறக்காமல் தள்ளிவிட்டு, காலையில் மறக்காமல் திருப்பித் தள்ளுகிற ஆள் வீட்டில் இருந்தால் காசு செலவே இல்லை. இதற்கு மேல் படிக்கவும் வேண்டாம்.

"மணியை நிறுத்திட்டா கூப்பிடுறவங்களுக்கு என்ன கேக்கும்? நான் கட் பண்ணிட்டேன்னு தப்பா நினைப்பாங்களே."

நினைக்க மாட்டார்கள். அவர்களுக்கு எப்போதும் போல ட்ரிங் ட்ரிங் என்றுதான் கேட்கும். அந்தச் சத்தம் உங்கள் போனிலிருந்து போகிறது என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படி இல்லை. எக்ஸ்சேஞ்ச் ஒரே நேரத்தில் இரண்டு காரியம் செய்கிறது. உங்கள் லைனில் மணி அடிப்பதற்கான மின்சாரத்தை அனுப்புகிறது. கூப்பிடுகிறவர் காதுக்குத் தனியாக ஒரு ஒலியை அனுப்புகிறது. உங்கள் வீட்டில் மணி நிஜமாகவே அடித்ததா என்று அது பார்ப்பதே இல்லை. நீங்கள் ரிசீவரை எடுக்கிற வரைக்கும் அதற்குக் கவலையும் இல்லை.

மணிக்காக வருவது ஏறக்குறைய 75 வோல்ட், நொடிக்கு 25 சுற்று. 0.4 நொடி அடித்து, 0.2 நொடி விட்டு, மறுபடி 0.4 நொடி அடித்து, 2 நொடி ஓயும். நம் ஊர் போனுக்கு அந்த இரட்டை மணி வருவது இதனால்தான். யாரும் எடுக்காவிட்டால் எவ்வளவு நேரம் அடிக்க வேண்டும் என்பதற்கு 2019 நவம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு கணக்கு வைத்தது: லேண்ட்லைனுக்கு 60 நொடி, செல்லுக்கு 30 நொடி. இந்த 60-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

"அப்போ ஒயரைப் பிடுங்கி வச்சாலும் அதேதானே?"

போன் ஒயரைப் பிடுங்கினால் அதேதான். கூப்பிடுகிறவருக்கு மணி கேட்கும், உங்களுக்குக் கேட்காது. ஆனால் ஃபைபர் இணைப்பு இருக்கிற வீட்டில் சிலர் போன் ஒயரை விட்டுவிட்டு, விளக்கு மினுக்குகிற அந்தப் பெட்டியின் கரன்ட்டையே அணைத்துவிடுகிறார்கள். அது வேறு கதை. பெட்டி அணைந்தால் லைனே இல்லை. கூப்பிடுகிறவருக்கு "தொடர்பு கொள்ள முடியவில்லை" என்கிற மாதிரி அறிவிப்பு வரும், வீட்டில் நெட்டும் போகும், ராத்திரி நெஞ்சு வலித்தால் 108-க்கு நீங்களும் கூப்பிட முடியாது.

பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்தே 48 வோல்ட் வந்துகொண்டிருக்கும். ஊரே இருட்டானாலும் போன் பேசும். ஃபைபரில் அந்த மின்சாரத்தைக் கொடுப்பது உங்கள் வீட்டுப் பெட்டிதான். ஆகவே அதற்கு ஒரு சின்ன யு.பி.எஸ். போடுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நிலைமை இப்படி இருக்க, அதை வேண்டுமென்றே அணைக்கவா?

"எங்க வீட்டுது பழைய ஒயரா, ஃபைபரான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

போன் ஒயர் சுவரில் இருக்கிற சின்ன ரோசெட் பெட்டிக்குள் போனால் செம்பு. விளக்கு மினுக்குகிற பெட்டிக்குள் போனால் ஃபைபர். செம்பு என்றால் ரோசெட்டை ஒருதரம் திறந்து பாருங்கள். கடற்காற்றில் திருகாணியெல்லாம் பச்சை பூத்திருக்கும். லைனில் கரகரப்பு இருந்தால் முதல் சந்தேகம் அதன்மேல்தான்.

"டைமர் பிளக் வாங்கி கார்ட்லெஸ் போனுக்குப் போட்டா தானா அணைஞ்சு தானா எரியும்னு மச்சான் சொல்றான். சரியா?"

மச்சான் சொல்வது வேலை செய்யும். கார்ட்லெஸ் போனில் மணியை உணர்வது அடிப்பெட்டிதான். அதற்குக் கரன்ட் இல்லையென்றால் கைப்போன், அதாவது கையில் எடுத்துப் பேசுகிற பாகம், அடிக்காது. மீன் தொட்டிக்குப் போடுகிற டைமர் போதும், கடையில் கிடைக்கும். தொந்தரவு என்னவென்றால், சில கைப்போன்கள் அடிப்பெட்டியைக் காணோமே என்று ராத்திரி முழுக்க 'பீப்' போட்டுக்கொண்டிருக்கும். மணிக்குப் பதில் அந்த 'பீப்'பில் விழித்துக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

பெரிய தொந்தரவு வேறு. அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாமனார் வீட்டுக்கு நானே ஒன்று மாட்டினேன். வட்டத் தகட்டைச் சுற்றி 15 நிமிடத்துக்கு ஒன்றாக 96 முள், இரவு 10-லிருந்து காலை 5 வரை அணைந்திருக்கும்படி முள்ளை வைத்தேன். அதற்குள் ஓடுவது கரன்ட்டில் ஓடுகிற மோட்டார். கரன்ட் போனால் கடிகாரமும் நிற்கும், வந்தால் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒருநாள் சாயங்காலம் இரண்டு மணி நேரத்துக்கும் மேலே கரன்ட் இல்லை. யாரும் டைமரைத் திருப்பி வைக்கவில்லை, நானும் சொல்லி வைக்கவில்லை. மறுநாள் விடியற்காலை ஐந்தரைக்கு பெங்களூர் பஸ்ஸில் வந்து இறங்கிய மச்சினி, செல்லில் சார்ஜ் இல்லாமல், பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் செல்லை வாங்கி வீட்டுக்கு மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள். டைமர் கணக்கில் அப்போது மணி மூன்றுதான். ஆட்டோ பிடித்து வந்து கேட்டைத் தட்டியவள், கதவைத் திறந்த என்னை ஒரு பார்வை பார்த்தாள். பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.

டைமர்தான் வேண்டும் என்றால் உள்ளே பேட்டரி இருக்கிற டிஜிட்டல் வகையாக வாங்குங்கள். அதில் கரன்ட் போனாலும் நேரம் ஓடும்.

"கார்ட்லெஸ்லயே நைட் மோடுன்னு இருக்கே, அது தேவலையா?"

இருக்கிறவற்றில் அதுதான் நல்ல வழி. பானசோனிக் கார்ட்லெஸ் மாடல்கள் பலவற்றில் இது உண்டு. தொடங்கும் நேரம், முடியும் நேரம் இரண்டையும் பதிந்துவிட்டால் அந்த இடைவெளியில் வெளியிலிருந்து கால் வந்தாலும் கைப்போன் அடிக்காது. லைன் உயிரோடு இருக்கும், நீங்கள் எடுத்துப் பேசலாம். அலாரம் வைத்திருந்தால் அது அடிக்கும்.

"வச்சேன், ஆனாலும் அடிக்குது" என்று வருகிறவர்கள் வீட்டில் மூன்றில் ஒரு காரணம்தான் இருக்கும். முதலாவது, அடிப்பெட்டிக்கென்று தனியாக ஒரு மணி உண்டு. நைட் மோடு கைப்போனை அடக்கும், அடிப்பெட்டி தன் பாட்டுக்கு அடிக்கும். அதன் ஒலியைத் தனியாக நிறுத்த வேண்டும். இரண்டாவது, இரண்டு கைப்போன் இருந்தால் ஒவ்வொன்றிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். மூன்றாவது கடிகாரம். கரன்ட் போய் வந்தபின் போனில் நேரம் அழிந்திருக்கும் அல்லது தப்பாக இருக்கும். இங்கேயும் மஞ்சக்குப்பம் கதைதான். திரையில் நேரம் சரியா என்று பார்ப்பதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

சில மாடல்களில் "இத்தனை நொடி கழித்து அடி" என்று தாமதமும் வைக்கலாம். விடாமல் கூப்பிடுகிறவருக்கு மட்டும் அடிக்கும், தவறாக வந்தவர் அதற்குள் வைத்துவிடுவார். நல்ல யோசனை, ஆனால் 60 நொடி என்று வைக்காதீர்கள். லைனே 60 நொடியில் விட்டுவிடும் என்று மேலே சொன்னேனே. 30 வையுங்கள்.

"ராத்திரி இல்லண்ணா, மதியம். பாப்பா தூளியில அப்பத்தான் கண்ணசரும், அப்பத்தான் போன் வரும்."

புதுச்சேரியில் மதியம் கடையே சாத்திவிட்டுத் தூங்குகிறோம், பாப்பா தூங்கக் கூடாதா? சிக்கல் என்னவென்றால் நைட் மோடில் பொதுவாக ஒரே ஒரு இடைவெளிதான் பதிய முடியும். மதியம் ஒன்று, ராத்திரி ஒன்று என்று வேண்டுமானால் டிஜிட்டல் டைமர்தான் வழி. அதில் ஒரு நாளுக்குப் பல இடைவெளிகள் வைக்கலாம். அதைப் போனில் மாட்டாமல் எங்கே மாட்டுவது என்பதற்குத் தனி மணி பற்றிய கேள்வியைப் பாருங்கள், கீழே வருகிறது.

அதுவரைக்கும் தூளி இருக்கிற அறையிலிருந்து போனை எடுத்து சமையலறையில் வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். கேட்க அற்பமாக இருக்கும். நிறைய வீடுகளில் செய்திருக்க மாட்டார்கள்.

"பிரான்ஸ்ல இருந்து மாமா கூப்பிடுவாரு. எத்தனை மணியில இருந்து மணியை நிறுத்தலாம்?"

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களில், அதாவது சொல்தா குடும்பங்களில் எல்லாம் வருகிற கேள்வி. பாரிஸ் நமக்குக் குளிர்காலத்தில் நாலரை மணி நேரம் பின்னால், கோடைக்காலத்தில் மூன்றரை மணி நேரம் பின்னால். மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுவார்கள். மாமா சாப்பிட்டுவிட்டு அங்கே எட்டு மணிக்குப் போனை எடுத்தால், கோடையில் இங்கே 11:30, குளிரில் 12:30. அவர் தவறாகக் கூப்பிடவில்லை, மாறாத நேரத்தில்தான் கூப்பிடுகிறார். மாறுவது கணக்கு. ரியூனியன் தீவு என்றால் வருஷம் முழுக்க ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், பிரச்சினை குறைவு.

நான் சொல்வது இதுதான்: மணியை 10-க்கே நிறுத்துங்கள், மாமாவை ஞாயிற்றுக்கிழமை அங்கே மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிடச் சொல்லுங்கள். இங்கே ஐந்தரை, ஆறரை ஆகும், எல்லாரும் விழித்திருப்பார்கள். உள்ளூர்ச் சொந்தங்கள் ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடுவது வேறு பழக்கம். 2015 மே 1 முதல் பி.எஸ்.என்.எல். லேண்ட்லைனிலிருந்து இரவு 9 முதல் காலை 7 வரை பேச்சு இலவசம் என்று வந்தது. காசு மிச்சம் என்று அப்போது பிடித்த பழக்கம், இப்போது எந்த நேரமும் இலவசம் என்றான பிறகும் விடவில்லை.

"தொல்லையே விளம்பரக்காரங்களும் கடன் வசூல்காரங்களும்தான். அவங்களை நிறுத்திட்டா மணியை நிறுத்தவே வேணாமே?"

விளம்பரக் கால் வேண்டாம் என்று பதிகிற நம்பர் 1909. அந்த லேண்ட்லைனிலிருந்தே கூப்பிட்டுப் பதியுங்கள். விளம்பரக் கால்கள் 140 என்று தொடங்குகிற நம்பரிலிருந்துதான் வர வேண்டும் என்பது விதி, ஆகவே நம்பரைப் பார்த்தே விட்டுவிடலாம். கடன் வசூலைப் பொறுத்தவரை ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்ட் 12-ஆம் தேதி அறிவிப்பில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: காலை 8-க்கு முன்னும் மாலை 7-க்குப் பின்னும் வசூலுக்காகக் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் தேதி, நேரம், நம்பரைக் குறித்து வைத்துப் புகார் செய்யுங்கள்.

ஆனால் இதனால் ராத்திரி மணி முழுசாக நின்றுவிடாது. நம்பர் தவறி அடிக்கிறவர், ஒரே ஒரு மணி அடித்துவிட்டு வைக்கிற வெளிநாட்டு நம்பர், இவர்கள் எந்தப் பட்டியலுக்கும் கட்டுப்பட்டவர்கள் இல்லை. அந்த ஒரு மணி வெளிநாட்டு நம்பரைத் திருப்பிக் கூப்பிட மட்டும் வேண்டாம், பில் எகிறும்.

"நாலு பேர் கூப்பிட்டா மட்டும் அடிக்கணும், மத்தவங்களுக்கு அடிக்கக் கூடாது. முடியுமா?"

முடியும், லைனில் காலர் ஐ.டி., அதாவது கூப்பிடுகிறவர் நம்பரைக் காட்டுகிற வசதி, இருந்தால். நைட் மோடு இருக்கிற போன்களில் போன்புக்கில் வகை பிரித்து, "இந்த வகைக்கு மட்டும் அடி" என்று வைக்கலாம். அண்ணன், தங்கை, டாக்டர், எதிர் வீடு என்று ஒரு வகையில் போடுங்கள். பதிகிறபோது கவனம்: ஒரே ஆளின் நம்பர் ஒரு நாள் பத்து இலக்கமாக வரும், ஒரு நாள் முன்னால் 0 போட்டு வரும். கடலூர் லேண்ட்லைன் 04142-ஓடு வருகிறதா, இல்லாமல் வருகிறதா என்று காலர் ஐ.டி. பட்டியலில் பார்த்து, எப்படி வந்ததோ அப்படியே சேமியுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு விதமாகவும் சேமியுங்கள்.

"அதெல்லாம் வச்சோம். ஆனா பாரிஸ்ல இருந்து வர்ற போனுக்கு நம்பரே வர்றதில்லையே?"

இங்கேதான் நைட் மோடு தோற்கும். வெளிநாட்டு அழைப்பு சில நேரம் நம்பர் இல்லாமல் வரும், சில நேரம் சம்பந்தமே இல்லாத நம்பரோடு வரும். நம்பரை நம்பி வடிகட்டினால் மாமாவும் வெளியே நிற்பார்.

கம்ப்யூட்டர் கை வந்தவர் வீட்டில் இருந்தால் ஆஸ்டரிஸ்க் போடலாம். இலவச மென்பொருள், ஒரு ராஸ்பெர்ரி பை பலகையில் ஓடும். லைனை உள்ளே வாங்கவும் போனுக்கு வெளியே கொடுக்கவும் ஒரு அடாப்டர் வேண்டும். பகலில் கால் நேராகப் போனுக்குப் போகும். இரவு 10 முதல் 5 வரை ஆஸ்டரிஸ்க் தானே எடுத்து, "எல்லாரும் தூங்குகிறோம், அவசரம் என்றால் 5-ஐ அமுக்குங்கள்" என்று சொல்லும். அமுக்கினால் மணி அடிக்கும். தவறான நம்பரும் விளம்பர இயந்திரமும் அமுக்காது, மாமா அமுக்குவார். லாஸ்பேட்டையில் ஒரு வீட்டில் அந்த வரியைத் தமிழிலும் பிரெஞ்சிலும் மருமகள் குரலில் பதிவு செய்தோம். பாரிஸில் பிறந்த பேரப்பிள்ளைகளுக்காகப் பிரெஞ்சு. அதைக் கேட்பதற்காகவே அவர்கள் ராத்திரியில் கூப்பிட்டு விளையாடிய கதையும் உண்டு, அதை விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இயந்திரம் எடுத்தாலும் எடுத்ததுதான், கூப்பிடுகிறவருக்குக் காசு ஏறும். வெறும் மணி அடித்து நின்றால் ஏறாது. அடுத்தது, அடாப்டரில் காலர் ஐ.டி. முறையை டி.டி.எம்.எஃப்., எஃப்.எஸ்.கே. இரண்டில் உங்கள் லைனுக்கு எதுவோ அதில் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லா நம்பரும் வெற்றாக வரும். கரன்ட் போனால் லைனை நேராகப் போனோடு இணைத்துவிடுகிற லைஃப்லைன் வசதி இருக்கிற அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள்.

"இவ்வளவு எதுக்கு? ராத்திரிக்கு மட்டும் செல்லுக்குத் திருப்பி விட்டா ஆச்சு."

செல்லை ராத்திரி பக்கத்தில் வைத்துத் தூங்குகிறவருக்கு இது சரிதான். வடிகட்டுகிற வேலையைச் செல்லின் 'டோன்ட் டிஸ்டர்ப்' பார்த்துக்கொள்ளும். வேண்டியவர்களுக்கு மட்டும் அடிக்கும். ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்தாலும் அடிக்க வைக்கலாம். ஆண்ட்ராய்டில் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது தடவை, ஐபோனில் 3 நிமிடத்துக்குள். திருப்பிவிடும் நம்பரைப் பதியும்போது முன்னால் 0 போட்டுப் பாருங்கள். 2021 ஜனவரி 15 முதல் லேண்ட்லைனிலிருந்து செல்லுக்கு 0 சேர்த்துத்தான் போட வேண்டும். ஒன்றைச் சோதித்துக்கொள்ளுங்கள்: திரும்பி வருகிற கால் சில இடங்களில் கூப்பிட்டவர் நம்பரைக் காட்டாமல் உங்கள் வீட்டு நம்பரையே காட்டும். அப்படியானால் வடிகட்டல் வேலை செய்யாது.

தானாக நடக்காது என்பதுதான் குறை. தினம் போட்டு, தினம் எடுக்க வேண்டும்.

"எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியும். லைன்ல ஒரு ரிலே போட்டு டைமரால ஓட்டலாமா?"

ரோசெட்டுக்கு உள்ளே, உங்கள் பக்கத்தில் மட்டும் கை வையுங்கள். வேலை செய்யும்போது லைனைக் கழற்றிவிடுங்கள். சும்மா இருக்கும்போது 48 வோல்ட்தான், ஆனால் அந்த நேரம் பார்த்து யாராவது கூப்பிட்டால் 75 வோல்ட் விரலில் வந்து உதறும். ரிலே என்பது கரன்ட் வந்தால் இழுத்துக்கொண்டு, போனால் விட்டுவிடுகிற சுவிட்ச். அதன் எந்த முனையில் கட்டுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். சும்மா இருக்கும்போது மூடியிருக்கிற முனையில், அதாவது என்.சி.யில் கட்டுங்கள். இரவு 10-க்கு டைமர் ரிலேக்குக் கரன்ட் கொடுக்கும், ரிலே இழுத்துக்கொண்டு இணைப்பைத் திறக்கும், மணி நிற்கும். கரன்ட் போனாலோ, டைமர் செத்தாலோ, அடாப்டர் புகைந்தாலோ ரிலே விட்டுவிடும், மணி அடிக்கும். சும்மா இருக்கும்போது திறந்திருக்கிற என்.ஓ.வில் கட்டினால் நேர் எதிர், கோளாறு வந்த அன்று போன் ஊமையாகிவிடும், நாலு நாள் யாருக்கும் தெரியாது. நான் எந்த வீட்டில் எதை மாட்டினாலும் முதலில் பார்ப்பது இதைத்தான்: கெட்டுப்போனால் மணி அடிக்கிற பக்கமாகக் கெட வேண்டும். மஞ்சக்குப்பத்து டைமர் ஊமையாகிற பக்கமாகக் கெட்டது.

"அப்படித்தான் போட்டேன். ஆனா ராத்திரி பத்தடிச்சா பேசிக்கிட்டிருக்கும்போதே கட்டாயிடுது!"

ஆகும். நீங்கள் லைனையே அறுக்கிறீர்களே. அடக்க வேண்டியது மணியை, லைனை இல்லை. போனில் இருக்கிற மணியை நிரந்தரமாக நிறுத்திவிடுங்கள், இரண்டாம் கேள்வியில் சொன்ன அதே சுவிட்ச். பிறகு எக்ஸ்டென்ஷன் பெல் என்று தனி மணி ஒன்று வாங்கி, இணையாகக் கட்டி, ரிலேயை அந்த மணியின் ஒயரில் மட்டும் போடுங்கள். பத்து மணிக்கு அடங்குவது மணி மட்டும்தான். பேச்சு அறாது, ராத்திரி நீங்கள் வெளியே கூப்பிடலாம், பாப்பாவுக்கு மதிய இடைவெளியும் டிஜிட்டல் டைமரில் சேர்த்துக்கொள்ளலாம்.

தனி மணி கிடைக்காவிட்டால் பரணில் கிடக்கிற பழைய போன் ஒன்றை மணியாக வைத்துக்கொள்ளுங்கள். அடிப்பதற்கு அது போதும்.

"லைன்ல திருட்டு அலாரமும் இருக்கு, நெட்டும் வருது. ரிலே போட்டா பாதிக்குமா?"

மேலே சொன்ன மாதிரி மணியில் மட்டும் போட்டால் இரண்டுக்கும் ஒன்றும் ஆகாது. லைனில் போட்டால் திருடன் வருகிற நேரம் பார்த்து அலாரம் வெளியே கூப்பிட முடியாமல் நிற்கும். செம்பு லைனில் பிராட்பேண்டு இருந்தால் மணியை, நெட்டையும் போனையும் பிரிக்கிற ஸ்பிளிட்டரின் போன் பக்கத்துக்குப் பிறகு கட்டுங்கள், முன்னால் இல்லை.

"நாங்க தேவனாம்பட்டினம். ராத்திரி ரெண்டு மணிக்குப் போட்டுக்குப் போகணும், எங்களுக்கு சாயங்காலம்தான் ராத்திரி."

நேரத்தை அப்படியே வையுங்கள், மாலை 7 முதல் 2 வரை. டைமருக்கு எது ராத்திரி என்று தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மாற்றி வைக்க நினைவிருக்கட்டும். சிப்காட் தொழிற்பேட்டையில் வாரம் ஒரு ஷிப்டு போகிறவர்களுக்குத்தான் உண்மையில் கஷ்டம். வாராவாரம் டைமரை மாற்றி வைக்க யாராலும் முடியவில்லை. அவர்களுக்கு டைமரே வேண்டாம், தனி மணிக்கு ஒரு சாதாரண சுவிட்ச் போட்டுக் கட்டில் தலைமாட்டில் வைத்துக் கொடுத்துவிடுவேன்.

"புயல் எச்சரிக்கை வந்தா என்ன பண்றது?"

டைமரை அணைத்துவிடுங்கள். இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். 2024-இல் ஃபெஞ்சல் புயல் கடந்த பிறகு, மழை ஓய்ந்தது என்று நினைத்த நேரத்தில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் கடலூருக்கு வந்தது. தண்ணீர் வருது, மேலே ஏறு என்று சொல்ல யாராவது கூப்பிடுகிற ராத்திரி அது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினால் மணியை முழுச் சத்தத்தில் வையுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077-ஐப் போன் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். ஃபைபர் வீடு என்றால் அந்தச் சின்ன யு.பி.எஸ். சார்ஜ் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

"எல்லாம் போட்டாச்சு தம்பி. ஆனா மணி அடிக்காதுன்னு தெரிஞ்சதுல இருந்து எனக்குத் தூக்கமே வரலை."

கடலூர் முதுநகரில் தனியாக இருக்கிற ஒரு அம்மா கேட்டது. மகன் சொன்னதன்பேரில் தனி மணி, டிஜிட்டல் டைமர் எல்லாம் மாட்டிக் கொடுத்தேன். ராத்திரி இரண்டு தடவை எழுந்து, ரிசீவரை எடுத்து டயல் டோன் வருகிறதா என்று கேட்டுவிட்டுப் படுத்திருக்கிறார். முன்னால் மணி அடித்தால்தான் விழிப்பார். இப்போது அடிக்காததற்கே விழிக்கிறார்.

மறுபடி போய், ரிலேயோடு ஒரு சின்னச் சிவப்பு விளக்கைச் சேர்த்துக் கட்டினேன். மணி அடங்கியிருக்கிற நேரம் மட்டும் எரியும். பக்கத்தில் ஒரு சுவிட்ச், ஒரு பக்கம் 'மணி', மறுபக்கம் 'டைமர்' என்று காகிதத்தில் எழுதி ஒட்டினேன். போன மாதம் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். டைமர் சரியான நேரம் காட்டிக்கொண்டிருந்தது. சுவிட்ச் 'மணி' பக்கம் இருந்தது. அந்தக் காகிதத்தின் மேல் பழுக்காமல் இருக்கட்டும் என்று செல்லோடேப் வேறு ஒட்டியிருந்தார்.